கருப்பனுக்கு எத்தனை ரூபா அபராதம்?

வாடா பேராண்டி, வா. இல்ல, "வாங்க சார்"னு கூப்பிடணுமோ? கழுத்துல அடையாள அட்டை, கக்கத்துல ரசீதுப் புத்தகம், சட்டைப்பையில ரெண்டு பேனா. ஒங்கப்பன் திருப்பூர்ல பனியன் மடிச்சுக்கிட்டு இந்தக் கண்கொள்ளாக் காட்சியப் பாக்காமக் கெடக்கான். உக்காரு. அந்த மூலையில வேண்டாம், கோழி எச்சம் போட்டிருக்கு. இங்கிட்டு வா.

நேத்து சாயங்காலம் நாலு ரோட்டு டீக்கடையில மொதல் கேஸு புடிச்சியாமே, ஊரே பேசுது. வடக்குத் தெரு ஆட்டுக்காரன் பாவம், ஆட்டுக்குக் கொழை ஒடிச்சிட்டு வந்து, தலைச்சுமையை எறக்கி வச்சு, ஒரு பீடியைப் பத்தவச்சு ரெண்டு இழுப்பு இழுத்திருக்கான். நீ முன்னால போய் "200 ரூபா எடு"ன்னு நின்னியாம். அவன் மடியை அவுத்துக் காட்டினா நாப்பது ரூபாயும் ஒரு சுண்ணாம்பு டப்பியும் இருந்துச்சாம். மிச்ச நூத்தி அறுபதுக்கு டீக்கடைக்காரன் பொறுப்பு. பலே! நூறு நாள் வேலைக்குப் போனா ஒரு நாள் முழுக்க மண்ணு வெட்டி 300 சொச்சம். அதுல பாதிக்கு மேல ரெண்டு இழுப்புக்குப் போச்சு. ஏரோப்ளேன்ல பறக்குற சீமான்கூட ஒரு இழுப்புக்கு நூறு ரூபா குடுத்துக் குடிச்சிருக்க மாட்டான். நம்ம ஆட்டுக்காரனுக்கு அந்த அந்தஸ்தை நீதான் வாங்கிக் குடுத்திருக்க.

கோவமில்லடா. ஒரே வருத்தம், தொழிலை அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்திருக்க. நான் சொல்லித் தர்றேன். எழுவத்தெட்டு வருசமா சர்க்காரைப் பாத்துக்கிட்டு இருக்கிறவன் நானு.

மொதல்ல சட்டம். பொது எடத்துல பொகை பிடிக்கப்படாதுன்னு 2003ல டில்லியில போட்டது. அதை இறுக்கி விதி எழுதி, 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பொறந்த நாளாப் பாத்து அமலுக்குக் கொண்டாந்தாங்க. அப்ப சுகாதார மந்திரி நம்ம ஊர்க்காரரு அன்புமணி. தேதி யாரு குறிச்சாங்களோ, குறும்புக்காரன். காந்தி சின்னப் பையனா இருக்கையில, உறவுக்காரப் பெரியவர் குடிச்சுப் போட்ட துண்டைப் பொறுக்கிக் குடிச்சவர். அது பத்தாம, வேலைக்காரன் சேப்புல காசு திருடி பீடி வாங்கினவர். நான் சொல்லல, அவரே சத்திய சோதனையில எழுதி வச்சிருக்காரு. அப்பறம் அவரா விட்டாரு. எந்த இன்ஸ்பெக்டரு ரசீது கிழிச்சு விட்டாரு? அவர் பொறந்த நாள்லதான் நீங்க ரசீது கிழிக்க ஆரம்பிச்சீங்க.

சரி, சட்டத்துல பொது இடம்னா என்னா? ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம், லைப்ரரி, ஓட்டலு, பஸ்ஸு. எல்லாஞ் சொல்லிட்டு, "திறந்தவெளி இதுல சேராது"ன்னு முடிச்சிருக்கான். அப்பாடான்னு நாங்க மூச்சு விட்டோம், பொகையோடதான். அஞ்சு வருசங் கழிச்சு விதி வந்துச்சு. ஜனங்க வந்துபோற ஸ்டேடியம், ரயில்வே ஸ்டேசன், பஸ் ஸ்டாப்பு இதெல்லாம் திறந்தவெளியே கெடையாதுங்குது. மேல வானம் தெரியுது, நாலு பக்கமும் காத்தடிக்குது, ஆனா திறந்தவெளி இல்ல. அப்ப திறந்தவெளின்னா எது? ஜனம் வராத வெளி. நான் பீடி குடிக்கப் போய் நின்னேன்னா நானும் ஒரு ஜனந்தானே? நான் கால வச்ச நிமிசமே அது பொது இடமாயிருமே! இதுக்கு வெளக்கம் கேட்டு ஒன் மேலதிகாரிக்கு ஒரு கடுதாசி போடு. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பதில் வரும்.

இன்னொரு நயம் கேளு. முப்பது ரூம்பு இருக்கிற லாட்ஜு, முப்பது பேரு உக்காந்து திங்கிற ஓட்டலு, விமான நிலையம், இதுகள்ல மட்டும் தனி அறை கட்டிக்கிட்டுப் பொகை விடலாம். சட்டத்துலயே எடம் இருக்கு. நம்ம நாலு ரோட்டுக் கடையில இருக்கிறது ரெண்டு பெஞ்சி, அதுல ஒண்ணுக்குக் காலு மூணு. ஆக, பொகை கெடுதல் இல்லடா பேராண்டி, பெஞ்சி பத்தலைங்கிறதுதான் கெடுதல். டீக்கடைக்காரனைக் கூப்பிட்டு, இன்னும் இருபத்திரெண்டு நாற்காலி போட்டு ஒரு அறையும் கட்டிட்டா ஆட்டுக்காரன் சட்டப்படி இருமலாம்னு எடுத்துச் சொல்லு.

போர்டு வச்சானா கேட்டியா? 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஒசரம், "இங்கு புகை பிடிப்பது குற்றம்"னு. அவன் வடை போடுற கண்ணாடிப் பொட்டியே அம்புட்டுத்தான் இருக்கும். போர்டை முன்னால வச்சா வடை மறைஞ்சுபோகும், வடை மறைஞ்சா ஏவாரம் போச்சு. அப்பறம் தீப்பெட்டி, லைட்டரு, சாம்பல் கிண்ணி எதுவும் எடுத்துக் குடுக்கப்படாது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளாப் பெட்டிக்கடைத் தூண்ல ஒரு தேங்கா நாரு கயிறு தொங்கும், நுனியில கங்கு கண்ணு முழிச்சுக்கிட்டே இருக்கும். காத்தடிச்சாச் செவக்கும், இல்லாட்டி வெள்ளைச் சாம்பல் போத்திக்கிட்டுத் தூங்கும். தீக்குச்சிக்குக் காசில்லாதவன் குனிஞ்சு பீடியைக் காட்டி ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டுப் போவான். கடைக்காரன் ஏறிட்டும் பாக்க மாட்டான். அந்தக் கயிறு இன்னிக்குக் குத்தவாளி. அதையும் ஒரு கேஸாப் போட்டுரு. சாட்சி சொல்ல வராது, பயப்படாத.

இப்பத் தொழில்ல பெரிய பாடத்துக்கு வர்றேன். எப்பவும் பீடி நுனியில இருக்கிறவனைப் புடி. அடியில இருக்கிறவன் பக்கம் போயிராத, அங்க ஒன் மொதலாளி உக்காந்திருப்பாரு.

நம்ம வேடசந்தூர்ல பொகையிலை ஆராய்ச்சி நிலையம் வச்சது யாரு? சொதந்தரம் வந்த மறுவருசம், 1948லயே சர்க்கார் வச்சது. நானே அங்க போய் நாத்து வாங்கியாந்திருக்கேன். எந்த ரகம் தடிப்பா எலை விடும், எம்புட்டு எரு வைக்கணும்னு அந்த ஆபீசருங்க சொல்லிக் குடுக்கிற அழகே அழகு. நம்ம கெணத்து உப்புத்தண்ணி நெல்லுக்கு ஆகாது, மெல்லுற பொகையிலைக்கு அமிர்தம். தைக்குளிர்ல கொழுந்து ஒடிக்கப் போவோம். பச்சை எலையில பிசினு ஒட்டி, கை கரிச்சட்டி கணக்கா ஆயிரும். அந்தக் கையோட சோத்தை வாயில வச்சா வேம்பாக் கசக்கும். பனியோட ஈர எலையக் கட்டிப் புடிச்சுத் தூக்கினா தலை சுத்தி வாந்தி வரும். ஒங்க அப்பத்தா மொத வருசம் வரப்புல மயங்கி விழுந்தா. அன்னிக்கு எந்த ஆபீசரும் வந்து "ஏம்மா, இது ஒடம்புக்கு ஆகாதே"ன்னு கேக்கல. எலையக் காயவச்சு, அடுக்கிப் பொதைச்சு, கருப்பட்டித் தண்ணி தெளிச்சு, பாடம் பண்ணி வண்டி ஏத்துற வரைக்கும் சர்க்காருக்கு அது பணப்பயிரு. ஆட்டுக்காரன் ஒதட்டுக்கு வந்தாத்தான் வெசம்.

குண்டூர்ல ஒரு புகையிலை வாரியம் இருக்கு. 1976ல வச்சது, வர்த்தக மந்திரிக்குக் கீழ. அவங்க வேலை பொகையிலையை நல்லா வெளைய வச்சு, ஏலம் போட்டு, வெளிநாட்டுக்கு ஏத்துறது. அதே டில்லியில சுகாதார மந்திரி ஆபீசு, "வேண்டாம் வேண்டாம்"னு அட்டையில படம் போடுறது. ரெண்டு பேரும் ஒரே கேன்டீன்ல டீ குடிப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

என் எல்.ஐ.சி. பாலிசி ஒனக்குத் தெரியும்ல? ஏஜென்டு நச்சரிப்பு தாங்காமப் போட்டது. "நீங்க போனதுக்கப்புறம் குடும்பம் கஷ்டப்படக் கூடாது மாமா"ன்னான். நான் சுருட்டுக்குக் குடுத்தது போக மிச்சத்தை அதுல கட்டினேன். அந்த எல்.ஐ.சி. நம்ம பணத்தைக் கொண்டுபோய்ப் போட்ட கம்பெனியில ஒண்ணு ஐ.டி.சி., நாட்டுலயே பெரிய சிகரெட் கம்பெனி. நூத்துக்குச் சுமார் பதினஞ்சு பங்கு எல்.ஐ.சி. கையில. பழைய யூனிட் டிரஸ்ட் கணக்கு வழியா சர்க்காருக்கே நேரா ஏழுக்கு மேல. இது சரியான்னு 2017ல பம்பாய் ஐகோர்ட்டுல கேஸே போட்டாங்க. ஆக, நான் சாகக் கூடாதுன்னு நான் கட்டின பணம், நான் சாகுறதுக்கான சாமானைச் செஞ்சு லாபம் கொண்டாருது. இம்புட்டு அக்கறையா ரெண்டு பக்கமும் கவனிக்கிற ஒரு பங்காளி எனக்கு வாச்சதில்ல.

டாஸ்மாக்கைப் பத்திப் பேச வேண்டாம்னு நெனச்சேன், ஆனா நாக்கு நிக்க மாட்டேங்குது. பொகைக்குச் சட்டம் போட்ட அதே 2003லதான், நவம்பர் மாசம், சாராயக் கடையை நம்ம மாநில சர்க்கார் தானே நடத்துறேன்னு எடுத்துக்கிச்சு. இன்னிக்கு வருசத்துக்கு 45,000 கோடிக்கு மேல வருமானம். கடை வாசல்லயே "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு"ன்னு எழுதி வச்சுட்டுப் பில்லு போடுறான். ஆட்டுக்காரன் அங்க போய் ஒரு குவாட்டர் வாங்கியிருந்தா சர்க்காருக்கு வருமானம், அவனுக்கு வாடிக்கையாளர்னு மரியாதை. பீடி குடிச்சதால குத்தவாளி. என்னாத்தச் சொல்ல?

இது இன்னிக்கு நேத்து சங்கதியில்ல. நம்ம ஊர் வாசகசாலையில ஒரு வாத்தியார் படிச்சுச் சொன்ன கதை. அக்பர் தர்பாருக்குப் பிஜாப்பூர்லேர்ந்து பொகையிலையும் ஹுக்காவும் வந்துச்சு. வைத்தியரு கூடாதுன்னு தடுக்கத் தடுக்க, ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தாரு பாதுசா. அவரு மகன் ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்து 1617ல, பொகையிலை ஒடம்பையும் புத்தியையும் கெடுக்குது, எவனும் குடிக்கப்படாதுன்னு உத்தரவு போட்டாரு. உத்தரவு போட்டவரு எப்பேர்ப்பட்டவரு? ஒரு காலத்துல ரெண்டு தடவை வடிச்ச சாராயம் நாளைக்கு இருபது கிண்ணம், பகல்ல பதினாலு, ராத்திரிக்கு மிச்சம்னு அவரே சுயசரிதையில கணக்கு எழுதி வச்சிருக்காரு. பக்கத்துல அபின் வேற. அதோட விடல. பாரசீகத்துக்கு அவரு அனுப்பின தூதர் கான் ஆலம் பொகையிலை இல்லாம ஒரு நாழிகை இருக்க மாட்டாரு. அங்க ஷா அப்பாஸும் தடை போட்டிருந்தாரு. தூதரு தவிக்கிறதைப் பாத்த ஷா, பாவம்னு அவருக்கு மட்டும் விலக்குக் குடுத்தாரு. பாத்துக்கோ, அன்னிக்கே தூதருக்கு விலக்கு, தோட்டக்காரனுக்கு உத்தரவு. முப்பது நாற்காலிச் சட்டத்தோட பாட்டன் இதுதான்.

இதைச் சொன்னதும் கெழவன் சுருட்டுக்கு வக்காலத்து வாங்குறான்னு நெனைப்ப. இல்லடா. என்கூட பொகையிலை ஒடிச்ச அஞ்சு பேருல இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம். ரெண்டு பேரு இருமி இருமியே போனாங்க. ஒருத்தனுக்குத் தொண்டையில ஓட்டை போட்டுக் கொழா வச்சிருந்துச்சு, நான் பாக்கப் போனப்ப சிலேட்டுல எழுதிக் காட்டினான்: "சுருட்டு இருக்கா?" சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாமத் திரும்பி வந்தேன். கெடுதல்னு தெரியாமலா குடிக்கிறோம்? 2009ல மெல்லுற பொகையிலைப் பாக்கெட்டுல தேளு படம் போட்டாங்க, பயந்து விடுவோம்னு. நம்ம கெழக்குத் தெருக் கெழவி மறுநாளே கடையில போய், "ஏப்பா, தேளு மார்க் ஒண்ணு குடு, அதுதான் நல்லாக் கடிக்குது"ன்னு கேட்டா.

பஸ்ஸுக்குள்ள தடை போட்டாங்களே, அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன். டவுன் பஸ்ஸு அந்தக் காலத்துல பஸ்ஸா அது, சூளை. சன்னலோரம் ஒருத்தன் பத்தவைப்பான், பொகை எல்லாம் பின்சீட்டுல இருக்கிற புள்ளத்தாச்சி மொகத்துக்குப் போகும். அவ முந்தானையில மூக்கைப் பொத்திக்கிட்டுத் திண்டுக்கல் வரைக்கும் வருவா. அவ நுரையீரல் அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? அதுல தலையிட சர்க்காருக்கு நூறு உரிமை இருக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அதுவும் சரி. என் சண்டை அதோட இல்ல. வேப்பமரத்தடியில ஒத்தையில உக்காந்து எவன் மூக்குக்கும் போகாமப் பொகை விடுறவன்கிட்ட வந்து, "ஒன் நல்லதுக்குத்தான்"னு சொல்லிக் காசு வாங்குறீங்களே, அந்த "ஒன் நல்லதுக்கு"லதான் எனக்குச் சந்தேகம். என் நல்லது தெரிஞ்சவன் என் கெணத்துக்குத் தண்ணி கேட்டப்ப எங்க போனான்?

எங்க காலத்துலயும் தடை இருந்துச்சு. ஒங்க கொள்ளுத்தாத்தா எதிர்ல வர்றாருன்னா, எரியிற பீடியை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்குவேன். கங்கு உள்ளங்கையில சுடும், மொகத்துல காட்டப்படாது. அவருக்குந் தெரியும், வேணும்னே நின்னு மாட்டுக்குத் தவிடு இருக்கா, வாய்க்கா வெட்டியாச்சான்னு ஒவ்வொண்ணா விசாரிப்பாரு. இந்தா பாரு தழும்பு. கல்யாணமாகி நாலு புள்ளை பெத்தப்பறமும் அவரு முன்னால நான் குடிச்சதில்ல, அவரும் அவங்கப்பாரு முன்னால குடிச்சதில்ல. ரசீதுப் புத்தகம் இல்ல, போர்டு இல்ல. போன வருசம் ஒங்கக்கா மக, அந்த இளைப்புக்காரச் சிட்டு, "தாத்தா, நீ பொகை விட்டா எனக்கு நெஞ்சுல பூனை கத்துது"ன்னுச்சு. அன்னிலேர்ந்து இந்தத் திண்ணையில நான் பத்தவச்சதில்ல. களத்துமேட்டுக்குப் போயிடுறேன், மழையானாலும் சாக்கைப் போத்திக்கிட்டு. அந்தச் சிட்டு எனக்கு எத்தனை ரூபா அபராதம் போட்டுச்சு?

வெளிநாட்டு சங்கதியும் கேட்டுக்கோ, ஒங்க மீட்டிங்குல பேச ஒதவும். பூட்டான்ல 2004லயே பொகையிலை விக்கிறதையே தடுத்துட்டாங்க. சனங்க விட்டுருச்சா? நம்ம பக்கத்துலேர்ந்து கடத்திக்கிட்டுப் போனாங்க. கொரோனா வந்தப்ப, கடத்துறவன் வியாதியையும் சேத்துக் கொண்டாந்துருவான்னு பயந்து 2021ல அவங்களே கடையைத் தெறந்துவிட்டாங்க. நியூசிலாந்துல, இன்ன வருசத்துக்கப்பறம் பொறந்தவனுக்கு ஆயுசுக்கும் சிகரெட் விக்கப்படாதுன்னு 2022ல சட்டம் போட்டாங்க. ஆட்சி மாறுச்சு, அமலுக்கு வரதுக்குள்ளயே 2024ல எடுத்துட்டாங்க. மாலத்தீவுல 2025 நவம்பர்லேர்ந்து அதே மாதிரி, 2007க்கும் அதுக்கப்பறமும் பொறந்தவனுக்குக் கெடையாது. அங்க அம்பது வருசங் கழிச்சு ஒரு காட்சி நடக்கும் பாரு. எழுவது வயசுக் கெழவன் கடைக்குப் போய் நிப்பான், கடைக்காரன் பொறந்த சர்ட்டிபிகேட்டைக் கேப்பான். "நீ 2007 சனவரி, ஒனக்கு விக்க முடியாது. ஒங்கண்ணன் 2006, அவரைக் கூட்டியா." பேரன் பேத்தி எடுத்தவன் அண்ணனைக் கூட்டியாரப் போவான். நம்ம ஊர்ல அதுக்கும் வழியில்ல. எனக்கு ரேசன் கார்டுல ஒரு வயசு, ஆதார்ல ஒரு வயசு, ஒங்க அப்பத்தா கணக்குல ஒரு வயசு.

அட, எந்திரிக்காத. முக்கியமான சங்கதியே இனிமேத்தான்.

வர்ற மாசி எட்டாந்தேதி நம்ம சங்கிலிக்கருப்பன் கோயில் பொங்கலு. கோயிலுக்குக் கூரை கெடையாது, தெரியும்ல? ஆலமரமும் அருவாளுந்தான். ஆனா எட்டூரு சனம் வரும், அப்ப ஒங்க விதிப்படி அது திறந்தவெளி ஆகாது. சாமி எறங்கினதும் மொத என்னா கேக்கும்? "கொண்டாடா சுருட்டை!" தீவட்டி வெளிச்சத்துல கண்ணு செவக்க, மூணு சுருட்டை ஒண்ணாச் சேத்து வாயில வச்சு, எட்டூரு சனத்து மூஞ்சியிலயும் ஊதும். புள்ளத்தாச்சிகளுந்தான் நிப்பாளுக, விபூதி வாங்க. இதைவிடப் பெரிய கேஸு ஒனக்கு ஆயுசுக்குங் கெடைக்காது. ரசீதுல பேரு "கருப்பன்"னு போட்டுக்கலாம். தகப்பன் பேருக்கு என்னா எழுதுவ? வெலாசம்? சாமியாடி மேல எழுதலாம்னா, அவன் மலையேறினதும் "நான் எங்கய்யா குடிச்சேன்? வாயக் கூட மோந்து பாரு"ம்பான். போன வருசம் அப்பிடித்தான் சொன்னான், மோந்து பாத்தா சாராய வாடைதான் அடிச்சுச்சு.

அதைவிடச் சங்கடம் என்னான்னா, சுருட்டைப் பத்தவச்சு சாமி கையில குடுக்கிற மொறை பங்காளிகளுக்குள்ள சுத்தி வரும். இந்த வருசம் நம்ம வீட்டு மொறை. எனக்கு முழங்கால் மடங்காது, ஒங்கப்பனுக்கு லீவு இல்லையாம், இப்பத்தான் போன்ல சொன்னான். அதனால நீதான். பத்தவைக்காமக் குடுக்கலாமான்னு பாக்காத, அணைஞ்ச சுருட்டைக் குடுத்த நம்ம சின்னப் பாட்டனுக்கு ஆறு மாசம் வாய் கோணிக் கெடந்துச்சு. ஒரு இழுப்பு நீ இழுத்துக் கங்கு கெளப்பித்தான் குடுக்கணும். அந்த அடையாள அட்டையைக் கழட்டி வச்சுட்டு வந்துரு. மத்தியானம் ஒன் கையாலேயே ஒனக்கு ஒரு ரசீது கிழிச்சு மடியில வச்சுக்கிட்டா, தொழிலுக்கும் பாதகமில்ல, சாமிக்கும் பாதகமில்ல.

நாளைக்கு திண்டுக்கல் போறேன்னியே, அப்பிடியே ஒரு கட்டு சுருட்டு வாங்கியா. பெரிய கட்டா வாங்கு, சாமிக்கு மூணு போதும். பள்ளிக்கூடத்துலேர்ந்து 100 கஜம் தள்ளியிருக்கிற கடையாப் பாத்து வாங்கு. சட்டம் இருக்குல்ல.